காசாத் தந்தா என்ன, ராத்தா?

சாமான் கொடுக்கிறது நோகாத வேலை என்று நினைக்கிறவர்கள், ஒரு நாளைக்காவது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹனுக்கு இறைச்சி வைத்துப் பேச்சு வாங்கினவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு நிவாரண நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அது பெரிய உத்தியோகம். வருகிறவர்களுக்கெல்லாம் நான் ராத்தா, அதாவது அக்கா. காலையில் சாமான் கொடுக்க வேண்டும். பின்னேரம் வீடு வீடாகப் போய், கொடுத்த சாமான் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். விற்றவர்களின் பேர், புதிதாகக் கட்டிக் கொடுக்கப்போகிற கல்வீட்டு லிஸ்டிலிருந்து வெட்டுப்படும். தகரக் கொட்டிலில் வேகிற சனத்துக்கு அந்த லிஸ்ட்தான் உயிர்.

டின் மீன்

முதல் மாதம் வந்து இறங்கினதெல்லாம் டின் மீன். வாங்க வந்தவர்களில் பாதிப்பேர் சாய்ந்தமருதுக் கடலில் வலை இழுத்தவர்கள். அதில் அண்ணன் வயதுக் காக்கா ஒருவர் டின்னைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். "காசாத் தந்தா ரெண்டு கத்தரிக்காயாச்சும் வாங்கியிருப்பன், ராத்தா" என்றார். மேலிடத்தில் இருந்து வந்ததைத்தான் கொடுக்கலாம் என்று பயந்து பயந்து சொன்னேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. டின்னை மடியில் கட்டிக்கொண்டு சொன்னார்: "சரி, தாங்க. இந்த மீனும் நம்மளப் போல கடலுக்குப் பயந்துதான் உள்ளுக்க ஒளிச்சிரிக்கி."

காசு வந்த நாள்

சனம் கேட்டுக் கேட்டு, ஒரு தடவை காசே வந்தது. குடும்பத் தலைவர் கையில் கொடுக்கச் சொல்லி உத்தரவு. அன்றைக்கு எனக்கு ஏச்சே இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வாசலில் நின்றாள். புருஷன் அந்தக் காசில் பழைய மோட்டர் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்துவிட்டாராம். அது ஓடவும் ஓடாதாம். "இனி எனக்குச் சட்டியே தாங்க, ராத்தா. சட்டியெண்டா அவர்ர சேர்ட் பொக்கட்டுக்குள்ள போகாது."

நடக்கிற மெசின்

பிறகு நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் ஒரே ஒழுங்கைக்கு, ஒரு சின்னத் தெருவுக்கு, ஒன்பது கைத்தையல் மெசின் கொடுத்தோம். வீட்டுக்கு ஒன்று. பார்த்து எழுதப் போனேன். ஏழாவது வீட்டில் பார்த்த மெசினின் ஊசிக்குக் கீழே பச்சைத் துணி ஒன்று மாட்டிக் கிடந்தது. ஒன்பதாவது வீடு றசீனாவுடையது. அவள் வீட்டில் தறி போட்டு நெய்கிற கைம்பெண், கல்யாண வயதில் நிற்கிற இரண்டு குமருக்கு உம்மா. அங்கேயும் ஒரு மெசின், ஊசிக்குக் கீழே அதே பச்சைத் துணி! நான் முன்வாசலால் சுற்றி வர, மெசின் பின்வேலியால் வந்து சேர்ந்துவிட்டது. தூக்கி வந்த பிள்ளைக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"என்ன புள்ள இது?" என்று கேட்டேன். றசீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "நடந்து வந்திரிக்கும், ராத்தா. சுனாமியில இருந்து ஒரு சாமானும் வெச்ச இடத்தில நிக்கிறதில்லயே."

சேர் வந்தார்

சிரித்துவிட்டேன். ஆனால் எழுத வேண்டுமே! தன் மெசினை விற்று நூல் வாங்கிவிட்டதாகவும், அந்த நூல்தான் தறியில் ஓடுவதாகவும் அவளே ஒப்புக்கொண்டாள். அவள் பேரை வெட்டினால் இரண்டு குமரும் எந்த வீட்டில் கல்யாணம் முடிக்கிறது? எங்கள் பக்கம் வீடு கொடுக்காமல் பெண் கொடுக்க முடியாதே. பொய் எழுதவும் கை வரவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து எழுதினேன்: 'மெசின் இல்லை. தறி ஓடுகிறது. வந்து பார்க்கவும்.'

மேலதிகாரி சேர் ஒருவர் வந்தே விட்டார். றசீனா தறியை விட்டு எழும்பவில்லை. அவர் கேள்வி கேட்கக் கேட்க நெய்துகொண்டே இருந்தாள். ஏன் விற்றாய் என்று அவர் அதட்ட, நான் மனதுக்குள் ஸலவாத்து ஓதினேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டு அவர் பேனையை மூடிப் பொக்கட்டில் வைத்தார். பேர் லிஸ்டிலேயே இருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "மிச்சம் எட்டு வீட்டிலயும் மெசின் இரிக்கி, சேர். எட்டுப் பேரும் தைக்கிறதுக்கு, துணி நெய்ய ஒராளாவது வேணாமா?"

சாமான் நல்லதா காசு நல்லதா என்று என்னைக் கேட்டால், காசுதான் நல்லது, ஆனால் அதைப் பொம்பிளையின் கையில் கொடுத்துவிட்டு, பின்னேரம் பார்த்து எழுத என்னை அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன்.