மந்திரித்த மெழுகும் என் வீட்டுக்காரர் காதும்

என்னிடம் ஒரு வட்டத் தகர டப்பா இருக்கிறது. தொண்டைக் கமறலுக்குச் சப்புகிற பிரெஞ்சு மிட்டாய் ஒரு காலத்தில் அதில் இருந்தது. மூடியில் இருந்த படம் தேய்ந்துபோய் ஒரு பெண்ணின் தொப்பி மட்டும் மிச்சம். திறந்தால் உள்ளே இரண்டு மெழுகு உருண்டைகள். உருண்டை என்று வாய்தான் சொல்கிறது. ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் படர்ந்து, நடுவில் சின்ன வளைவோடு, ஒன்றைப் போல் மற்றது இல்லாமல் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல். இடப்பக்கத்து மெழுகில் ஆழமாக ஒரு நகக்கீறல். வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மகள் இதைத் தூக்கிப் போடப் பார்க்கிறாள். "இன்னாம்மா இது, அழுக்கு மெழுகு" என்கிறாள். அது உங்க அப்பாவோட காதுடி என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

என் வீட்டுக்காரர் புதுச்சேரியில் அரசாங்க பீரோ ஒன்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். பீரோ என்றால் துணி வைக்கிற அலமாரி இல்லை, ஆபீசுக்குப் பிரெஞ்சுப் பேர். தபாலில் போட்டால் தாமதமாகிவிடும் என்கிற கடிதங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு பாகூருக்கும் வில்லியனூருக்கும் திருக்கனூருக்கும் போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அந்த வேலைக்கு எஸ்தாஃபெத் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரைக் கேட்டால் பட்டாளத்துத் தளபதி என்று தோன்றும், மரியாதை என்னவோ பியூனுக்கு ஒரு விரற்கடை மேலே. வண்டி சண்டைக்காலத்து வண்டி. சத்தத்தை அடக்குகிற குழாய் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. மாற்றுக் குழாய் கப்பலில் வருகிறது, வருகிறது என்று நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ கப்பல் வந்தது, போனது. கடைசியில் பிரெஞ்சுக்காரர்களே கப்பலேறிப் போனார்கள். குழாய் வரவே இல்லை.

ஊருக்குள் உப்பளம் என்கிற பகுதியில் எங்கள் வீடு. அவர் முதலியார்பேட்டையில் திரும்பும்போதே இங்கே பாத்திரம் அதிரும். நான் குழம்பைத் தாளிக்க ஆரம்பிப்பேன். அக்கம்பக்கத்துக்காரிகளும் அதைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாரானால் வெகுநேரம் அவரோடு பேச முடியாது. "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி ஙொய்யின்னுது. செத்த இரு" என்பார். வண்டிச் சத்தத்தைவிட எதிர்க்காற்றின் இரைச்சல்தான் அவரை வதைத்தது. அதற்கு ஒரு வழி பண்ணியே தீருவது என்று நான்தான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

முதலில் வெறும் பஞ்சு. காற்று அதைச் சட்டை பண்ணவில்லை. பஞ்சைத் தேங்காயெண்ணெயில் நனைத்து வைத்தேன். இரைச்சல் பாதி குறைந்தது, ஆனால் வெயிலில் எண்ணெய் இளகிக் கழுத்து வழியாக ஓடி, காக்கிச் சட்டையின் காலர் திரிதுணி ஆகிவிட்டது. பிறகு ஒயின் பாட்டில் தக்கையைப் பேனாக்கத்தியால் செதுக்கிக் கொடுத்தேன். "காதுல ஆப்பு அடிச்ச மாதிரி கீது" என்று பாதி வழியில் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தார். பீரோவில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தூங்கும்போது காதில் வைத்துக்கொள்ள மெழுகு உருண்டை தருவித்தார் என்று அவர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்கே என் கண் மாடத்தில் இருந்த மெழுகுதிரி மேல் போனது.

அது சாதாரண மெழுகுதிரி அல்ல. பெப்ரவரியில் மாதா கோயிலில் மந்திரித்துத் தரும் திரி. இடி இடித்தால் ஏற்றுவோம், சாகக் கிடக்கிறவர்கள் தலைமாட்டில் ஏற்றுவோம், மற்றபடி தொடமாட்டோம். தேன்மெழுகு என்பதால் கைச்சூட்டுக்கே இளகும். கடைத் திரிபோல உதிராது. அடியில் ஒரு துண்டு வெட்டினேன். என் மாமியார் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மந்திரிச்ச திரிய காதுக் குரும்பைல கொண்டுபோய் வெக்கிறியே, அடுக்குமாடி இது?" நானும் விடவில்லை. "மறுநாளே தொண்டை நோவு வராம இருக்க அதே திரிய தொண்டையில வெச்சு சாமியாரு மந்திரிக்கல? தொண்டைக்கு ஆவறது காதுக்கு ஆவாதா அத்தே?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக் கொடுத்ததும் அந்தக் கிழவிதான். நூல் இல்லாவிட்டால் உள்ளே போனதை எப்படி வெளியே இழுப்பது?

மெழுகைப் பஞ்சோடு சேர்த்துப் பிசைந்து, இளஞ்சூட்டில் அவர் காதிலேயே வைத்து அழுத்தி வார்த்தேன். முதல்நாள் போய்விட்டு வந்து அவர் பேசிய பேச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "காத்து செத்துப்போச்சிடி. ஆனா வண்டி சத்தம் மட்டும் தெளிவா கேக்குது. பின்னால வர்ற பஸ்ஸு ஹாரன்கூட இப்பதான் நல்லா கேக்குது." அன்று சாயங்காலம் வண்டு இல்லை. சாப்பிட்டுக்கொண்டே என்னோடு பேசினார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒழுங்காகப் பேசியதே அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்போது பிரெஞ்சு மண்ணும் இந்திய மண்ணும் சோறும் பருப்புமாகக் கலந்து கிடந்த காலம். பாகூர் போய்வருவதற்குள் எல்லை மாறி எல்லை மாறிச் சுங்கச்சாவடிகள். தங்கமும் வைரமும் எங்கே எங்கேயோ ஒளிந்து கடந்துகொண்டிருந்தன. காதிலிருந்து சிவப்பு நூல் தொங்கினால் சாவடிக்காரன் சும்மா விடுவானா? எடு வெளியே என்பான். நகத்தால் நோண்டுவான், வெயிலில் தூக்கிப் பார்ப்பான், இரண்டாகப் பிளப்பான். அவன் கை மண்ணோடு அதைத் திரும்ப வைத்துக்கொண்டு வந்து என் வீட்டுக்காரருக்குக் காதில் சீழ் வைத்தது. நான் ஜோடி ஜோடியாக வார்த்துக் கொடுத்தேன். ஐம்பத்து நான்கு நவம்பரில் ஆட்சி கைமாறி, ஊரே கொடி கட்டிக் கொண்டாடியபோது நானும் கொண்டாடினேன். ஊர் விடுதலைக்குக் கொண்டாடியது. நான், இனிமேல் எந்தப் பயலும் என் மெழுகை நோண்டமாட்டான் என்பதற்குக் கொண்டாடினேன். பெண்பிள்ளை புத்தி என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அந்தச் சந்தோஷம் மறுவருஷம் வரை இருந்தது. பீரோவுக்கு வெளியூரிலிருந்து புது மேலதிகாரி வந்தார். ஒருநாள் இவர் வண்டியை நிறுத்திவிட்டு மெழுகை எடுக்காமலே நடந்து போக, அதிகாரி பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டும் இவர் பாட்டுக்குப் போயிருக்கிறார். காவலாளியை விட்டு இழுத்து வரச்சொல்லிப் பார்த்தால், காதில் சிவப்பு நூல்.

"காதை அடைச்சுக்கிட்டு வண்டி ஓட்டறீரா? பின்னாடி லாரி வந்தா எப்படிக் கேட்கும்? விபத்து நடந்தா யார் பதில் சொல்றது? இனிமே இதை நான் பார்க்கக் கூடாது."

"அடைச்சாத்தான் சார் ஹாரன் நல்லா கேக்குது" என்று இவர் உண்மையைச் சொன்னார். அதிகாரி அதை எகத்தாளம் என்று எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் காலத்து வேலைகளில் எது நிலைக்கும், எது போகும் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். இவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மெழுகை டப்பாவில் போட்டு மூடினார். ஊரைத் தாண்டியதும் வைத்துக்கொள்ளுங்களேன் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "எவனாவது பாத்து சொல்லிட்டா? வாணாம், பெரியவரு சொல்லிட்டாரு இல்ல" என்றார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிற மனுஷன். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான்.

நானே அதிகாரியைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். "ஆஸ்பத்திரியில சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லும்மா. காதுல கோளாறுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா பார்க்கலாம்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்து இவரிடம் சொன்னேன். இவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கோளாறுன்னு எழுதினா, செவிடனுக்கு வண்டி எதுக்குன்னு புடுங்கிக்குவாங்க. கோளாறு இல்லன்னு எழுதினா, அப்ப அடைப்பு எதுக்குன்னுவாங்க. உடு." அந்த முடிச்சை அன்றைக்கு என்னால் அவிழ்க்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில்தான் அவர் காது போனது. காது அவரை விட்டு ஒரேயடியாகப் போகவில்லை. உப்புக்கல் தண்ணீரில் கரைவதுபோல் கரைந்தது. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு கோயில் மணி. பூசையில் முன்வரிசைக்காரர்கள் எழுந்தால் எழுவார், மண்டியிட்டால் மண்டியிடுவார். எங்கள் மகள் முதன்முதலாக அப்பா என்று சொன்னபோது எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "இன்னா சொல்லுது புள்ள?" என்று என்னைக் கேட்டார். அப்பாவாம் என்று நான் கத்தினேன். அந்த வார்த்தையை அவர் மகளிடமிருந்து கேட்கவில்லை, என்னிடமிருந்து கேட்டார். நான் கத்திக் கத்தி, தெருவில் எனக்கு ஊதுகுழல் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது. அவர் காது போன ரகசியத்தை மட்டும் இரண்டு பேருமாகக் கட்டிக் காத்தோம். பீரோவில் வாயசைவைப் பார்த்தே சமாளித்தார்.

அறுபத்திரண்டில் இந்தியாவோடு இணைப்பு முழுசாக முடிந்து, ஊழியர்களை எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டும் என்றார்கள். டாக்டர் இவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு, பின்னால் தள்ளி நின்று மெதுவாக எண்களைச் சொன்னாராம். திருப்பிச் சொல்ல வேண்டும். சுவருக்கு வாய் ஏது? இவர் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறார். வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரக்கப்பட்டு வேறு வேலை கொடுத்தார்கள். என்ன வேலை தெரியுமா? அதிகாரி அறை வாசலில், மணி அடித்தால் உள்ளே ஓட வேண்டிய வேலை. எத்தனை நாள் தாங்கும்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருவருமாகப் போய் அந்த அதிகாரியைப் பார்த்தோம். மெழுகைப் பார்க்கக் கூடாது என்று சொன்ன அதே அதிகாரிதான். தலை நரைத்திருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. கோப்பைப் புரட்டியபடியே ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார்: "எங்களால இனிமே ஒண்ணும் செய்ய முடியாதும்மா. இவரும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். அந்தக் காலத்திலேயே பஞ்சோ மெழுகோ, காதுல ஏதாவது வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்கலாமே?"

டப்பா என் பையில் இருந்தது. எடுத்து அவர் மேசைமேல் திறந்து வைத்தேன். அவர் சிவப்பு நூலைப் பிடித்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அவர் கையிலிருந்ததை வாங்கி டப்பாவில் போட்டேன். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.

தெருவுக்கு வந்ததும் இவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "கோப்ப பாத்துக்குனே பேசனாரு, வாய் தெரியல. இன்னா சொன்னாரு?" என்றார். அவருக்குத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாக வாயசைத்துச் சொன்னேன்: "உங்கள மாதிரி ஒழுங்கான ஆளு இந்த பீரோவிலேயே இல்லன்னாரு." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல மனுசன்டி அவரு" என்றார். சாகும்வரை எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

அவர் தலைமாட்டில் அந்த மந்திரித்த திரியின் மிச்சத்தைத்தான் ஏற்றி வைத்தோம்.

இப்போது எதிர்வீட்டுப் பையன் பெரிய மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறான். போனவாரம் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு ஜோடியைக் காட்டினான். கிள்ளி உள்ளே விட்டால் எந்தக் காதுக்கும் தானாக உப்பி அடைத்துக்கொள்ளுமாம். "இது இல்லாம லாங் ரைடு போவ முடியாது ஆயா" என்றான். நன்றாக இரப்பா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்தேன். சாவடிக்காரன் நகக்கீறல் அப்படியே இருக்கிறது. என்ன தோன்றியதோ, இரண்டையும் எடுத்து என் காதுகளில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவருடைய காதுக்கு என்று வார்த்தது வேறு யாருக்குப் பொருந்தும்? கையால் இறுக அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தெருச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. அந்த அதிகாரியின் இரக்கமான குரல் மட்டும் அடங்கவே இல்லை. "காதுல ஏதாவது வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்கலாமே?"