கரையில் நின்று படகோட்டிய அனஸ்தாசியா

மாம்புரியில் லத்தீன் மொழியை ஆராய்ந்தவர்கள் இருவர்: குருமடத்தில் பல வருடம் படித்த பாதர் றெஜினோல்ட், கருவாடு காயவிடும் அனஸ்தாசியா. அனஸ்தாசியாவுக்கு ஒரு முற்பகல் போதுமாயிருந்தது.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அது முடிந்தும் திரும்பாமல் தங்கிவிட்ட விதவை அவர். கருவாட்டுப் பாய்களை மிதிக்க வரும் கழுதைகளைத் துரத்தியே நாலு வீட்டு வளவு தள்ளிக் கேட்கும் குரல் வாய்த்திருந்தது. 2013இல் புதுப் படகொன்று வாங்கினார். கரையில் நின்று 'அந்தோனியார்' என்று கூப்பிட்டால் பாதிப் படகுகள் திரும்பிப் பார்க்கும் காலம். ஆகவே ஒருவரும் வைக்காத பெயர் வேண்டுமென்று பாதரைக் கேட்டார். கிடைத்தது ஒரு லத்தீன் வினைச்சொல்: நாவிகாரே.

பாதர் படகை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு நாளன்று, பெயர் எழுதும் லத்தீப் அதைப் படகின் முன்புறத்தில், அணியத்தில், நீல நிறத்தில் எழுதினார். கீழே 'சம்மாட்டி' என்றும் எழுதிவிட்டுத் தூரிகையைத் தூக்கிப் பிடித்தார். சம்மாட்டி என்றால் படகின் எசமான். மீன் முதலாளிமார் அந்தப் பெயரோடுதான் பேசுவார்கள். மற்றவர்கள் வெறும் ஆட்கள்.

“ஆர்ட பேரு? பெயின்ட் காயுது அக்கா.”

“என்ர பேர்.”

கொழுந்தன் செலஸ்தீன் குறுக்கே வந்தார். “கடலில ஓட்டுறது நான், அண்ணி. கரையில நிக்கிற ஆள் சம்மாட்டியோ? பாதரையே கேளுங்கோ, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமெண்டு.”

“படகோட்டுறது,” என்றார் பாதர்.

செலஸ்தீன் வெற்றியோடு படகில் ஏறி, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பொறுங்கோ. அந்தச் சொல் எங்கயிருந்து வந்தது பாதர்?” என்றார் அனஸ்தாசியா.

பாதரின் முகம் பூத்தது. குருமடம் விட்டபின் அவரை ஒருவரும் கேட்காத கேள்வி. “நாவிஸ் எண்டால் படகு. ஆகெரே எண்டால் ஓட்டுறது. ஆகெரே முதல்ல மாடு சாய்க்கிற சொல், பிள்ளை. பின்னால நிண்டு துரத்திக்கொண்டு போறது.”

“கழுதையும் சேருமோ?”

“தாராளமா.”

தீர்த்தம் தெளித்தாயிற்று. எல்லோரும் தள்ளினார்கள், ஆளுக்கொரு நேரத்தில். படகு மணலை விடவில்லை. அனஸ்தாசியா பின்னால் வந்து நின்றார். சீலையைச் செருகினார்.

“ஹோய்! ஹோய்! போ, கழுதை!”

யாரைச் சொன்னார் என்று யோசிக்க ஒருவருக்கும் அவகாசமில்லை. அத்தனை பேரும் ஒரே மூச்சில் பாய, படகு வழுக்கிக்கொண்டு களப்புக் கடலுக்குள் இறங்கியது.

“ஆகெரே! ஆகெரே!” மீதித் தீர்த்தத்தைப் பாதர் எல்லோர் தலையிலும் வீசினார்.

“அண்ணி, படகுக்கு மேல நிண்டது நான்தானே!” படகு பாய்ந்த வேகத்தில் தவறி விழுந்த செலஸ்தீன் தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார்.

“ஓம். மாட்டுக்கு மேல காகமும் நிக்குது.”

கரை முழுக்கச் சிரித்தது. லத்தீப் சாரத்தை மடித்துக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சம்மாட்டிக்குப் பக்கத்தில் 'அ' எழுதத் தொடங்கினார்.