நாசிலில் வைத்த சந்தனம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு வருடம் இருக்கும். உசிலம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் என் வீட்டுக்காரர் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தீ வருகிற குழாயின் நுனியில் மாட்டும் செம்பு நாசில்களை ஒரு மரப்பெட்டியில் நம்பர்படி அடுக்கியிருப்பார். மெல்லிய தகரத்துக்குச் சின்ன ஓட்டை, கனத்த இரும்புக்குப் பெரிய ஓட்டை. இரும்பை விரலால் தடவிப் பார்த்தே எந்த நம்பர் என்று எடுத்துவிடுவார். அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள். ஓட்டை அடைத்துக்கொண்டால் அதற்கென்று உள்ள மெல்லிய கம்பியால் அவரேதான் சுத்தம் செய்வார். என்னைத் தொட விடமாட்டார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவர் பொரி, பழம் வாங்கப் போயிருந்தார். நான் பெட்டியைத் திறந்து எல்லா நாசிலையும் புளி போட்டுத் துலக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் சந்தனம் குங்குமம் வைத்து, மூடிவிட்டேன். சிலிண்டருக்கு மாலையும் போட்டேன். அவர் வந்து பார்த்து, "என்ன, சிலிண்டர மாப்பிள்ளையாக்கிட்ட, பொண்ணு எங்க" என்று சிரித்தார். பெட்டியைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் திறந்தால், சந்தனம் காய்ந்து ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். நல்ல நாளில் பேச்சு வாங்க வேண்டாமே என்று, சாக்கு தைக்கிற ஊசியை விட்டுக் குடைந்தேன். சின்ன நாசில்களில் ஊசி லேசில் இறங்கவில்லை. திருகித் திருகி இறக்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் வேலையாக ஒரு விவசாயி டிராக்டர் புகைக்குழாயைக் கொண்டுவந்தார். இவர் தடவிப் பார்த்து, மெல்லிய தகரம் என்று சின்ன நாசில் ஒன்றை மாட்டி, அந்த நம்பருக்குத் தகுந்தபடி கேஸைத் திறந்து பற்றவைத்தார். ஒட்டும்போதே தீ படபடவென்று பொரிந்தது. என்னவென்று பார்க்கக் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். படார் என்று வெடித்தது. உருகின இரும்பு இடது கண்ணில் தெறித்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். அந்தக் கண்ணில் பார்வை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த நாசிலைக் கழற்றி, இருக்கிற ஒரு கண்ணால் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விவசாயி பார்க்க வந்தபோது நான் காபியோடு நின்றிருந்தேன்.

"எப்படிண்ணே வெடிச்சுச்சு, நாசில மாத்தி மாட்டிட்டீகளா? நம்பவே முடியல."

"ஆமா மாப்ள. நம்பரக் கவனிக்கல. ஏந்தப்புதான்."

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. தடவிப் பார்த்து நம்பர் எடுத்த மனுஷனிடம் சைக்கிள் கேரியர் ஒட்டக்கூட யோசித்தார்கள். ஓட்டை பெருசாகி, கேஸ் அதற்குப் பத்தாமல் வந்தால் தீ உள்ளே இழுத்து வெடிக்கும் என்று எப்போதோ யாரிடமோ அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு பட்டறைக்குள் போனேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, "இந்தா, பொட்டு சிலிண்டருக்கு மட்டும் வையி. நாசிலுக்கு வேணாம்" என்றார். அம்புட்டுத்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

போன தை மாதம் அவர் தவறிவிட்டார். எடுக்கிற நேரத்தில் வாசலில் ஒருவர், "நல்ல தொழில்காரர்தான், ஒருவாட்டி நம்பர் தப்பிட்டாரு" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வெல்டிங் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதிய விவரம் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஊசி குடைந்த ஓட்டையால் தீ அப்படி வெடிக்குமா? வெடிக்கும் என்றால், அவர் எடுத்த நம்பர் சரியான நம்பர்தான்.