ஜப்பான்காரி முறித்த நெட்டி

யாராவது பேய்க்கதை தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போய்விடுகிறவள் நான். மன்னாரில் விஞ்ஞானம் படிப்பித்தவள், இத்தாலிக்கு, பலெர்மோ நகரத்துக்கு வந்து வீடுகள் துடைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் புத்தி மாறவில்லை. மகளுக்கு நாவூறு கழிப்பேன்தான், கன்னத்தை வழித்து, என் நெற்றியோரம் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பேன்தான், ஆனால் அது பல் துலக்குவது போல ஒரு பழக்கம், அவ்வளவுதான். முதலே சொல்லிவிட்டேன், பிறகு சிரிக்கக்கூடாது.

மகள் நிலானி பியானோ வாசிப்பாள். போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பூசையில், மாதா கோயிலில் பாட்டின் நடுவே விரல் விறைத்து, அழுதுகொண்டு ஓடிவந்தவள், பிறகு பியானோவைத் தொடவேயில்லை. நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராதான், அவளை அப்படியே விடவில்லை. பொலிதேயாமா சதுக்கத்துப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையரங்கில் ஞாயிறு மத்தியானம் பழைய ஜப்பானிய மௌனப்படம் போடுகிறார்கள், படம் ஓட ஓட ஒருவர் வாசிக்க வேண்டும், இவளே வாசிக்கட்டும் என்றார்.

"இந்தமுறையும் விரல் நிண்டுதெண்டால் இனிப் பியானோவே வேண்டாமம்மா" என்று சொல்லித்தான் நிலானி ஒத்துக்கொண்டாள்.

அன்று திரையரங்கு வாசலில் வழக்கம்போலக் கையைத் தூக்கினேன்.

"அம்மா, இஞ்சை வேண்டாம்! என்ரை வகுப்புப் பிள்ளையள் பாக்கினம். மதோன்னா, மாதாவே, மானம் போகுது!"

"விடுமப்பா, நீர் உள்ளை போயிருந்து நகத்தைக் கடியும்" என்றார் என் கணவர்.

படத்தில் கதாநாயகி ஒரு தாய். வெள்ளை முகம், சின்ன வாய், குனிந்த தலை. மகளைத் தூர நகரத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலில் தனியே நிற்கிறாள். அதுவரை அழகாக வாசித்த நிலானி அந்த இடத்தில் நின்றுபோனாள். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. நான் கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், எழும்பவும் முடியவில்லை.

அப்போது அந்தப் பெண் திரும்பினாள். நம்பினால் நம்புங்கள், திரைக்குக் கீழே பியானோ இருந்த மூலையைப் பார்த்தாள், கிமோனோக் கைகள் இரண்டையும் என் பிள்ளையை நோக்கி நீட்டி, வழித்து, தன் நெற்றியோரம் மடக்கினாள். படபடவென்று நெட்டி முறிந்த சத்தம் கேட்டது. மௌனப்படத்தில்!

நிலானியின் தோள்கள் இறங்கின. வாசித்தாள். முடிவுவரை வாசித்தாள், சனம் எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "வேண்டாமெண்டு சொல்லியும் முறிச்சனீங்கள் என்ன? பியானோவடிக்குக் கேட்டது."

"நானில்லை பிள்ளை. கையிலை பை இருந்தது. அப்பாவைக் கேள்."

"என்னைக் கேளாதேங்கோ, நான் நித்திரை. அந்தச் சத்தத்திலைதான் எழும்பினனான்" என்றார் அவர்.

பிறகு சிஞ்ஞோராவிடம் சொல்லி அந்தப் படத்தின் டிவிடியை வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் காட்சியில் அவள் கதவை மட்டும் சாத்துகிறாள். கை மார்புக்கு மேலே போவதேயில்லை.

இப்போது நிலானி ஞாயிறு தோறும் கோயிலில் வாசிக்கிறாள். புறப்படும்போது தானாகவே கன்னத்தைக் காட்டுகிறாள். நானும் வழித்து விரல்களை மடக்குகிறேன், ஆனால் அன்றிலிருந்து என் விரல்களில் ஒரு சொடுக்குக்கூடக் கேட்பதில்லை. வாதம் என்கிறார் கணவர். இருக்கலாம்.

ஆனால் நிலானி ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்: "நல்லாய் முறிஞ்சுதம்மா."