அபியாவிலிருந்து ஆங்கரேஜ் வரை

நூலின் ஒரு முனையைச் சமோவாவின் தலைநகர் அபியாவின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை உலக உருண்டையின் மேல் இழுத்துக்கொண்டே போகிறாள் சலாஃபாய். ஆங்கரேஜ் வந்ததும் நிறுத்துகிறாள். "எட்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டர். ஹொனலூலுவுல இறங்கி ஏறணும். பறக்கிறது பன்னெண்டு மணி நேரம், காத்துக் கிடக்கிறது உங்க தலையெழுத்து." சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. அதில் பசிபிக் கடலை நடுவே வெட்டி இரண்டு ஓரங்களிலும் போட்டிருக்கிறார்கள். "நம்ம வீட்டையே ரெண்டாக் கிழிச்சவன் தூரம் சொல்லுவானா?" என்று அதன் மேல் குடையை மாட்டி வைத்திருக்கிறாள்.

சந்தைக்கு எதிரே விமான டிக்கெட் கடையில் முப்பத்திரண்டு வருடம். கம்ப்யூட்டரைக் கேட்பாள், நம்பமாட்டாள். ஆக்லாந்து ஒரு சாப்பாட்டுத் தூரம், சிட்னி என்றால் ஒரு சாப்பாடும் ஒரு தூக்கமும். வீட்டுக்கு ஒரு பிள்ளை கடல் தாண்டியிருக்கும் ஊரில் அவள் சொல்வதுதான் வேதவாக்கு. கைக்குழந்தையோடு கிளம்பும் பெண்களுக்குத் தனியாக ஒரு தைரியம் சொல்வாள்: "அழுதா அழட்டும்டி, பைலட் திரும்பிப் பாக்க மாட்டான்."

போன மாதம், தேவாலயத்தில் அவள் பக்கத்தில் நின்று பாடும் சியேனி இறந்துபோனாள். ஆங்கரேஜில் இருக்கும் மகன் தனியெலு அங்கத்து வியாழன் மதியம் புறப்படுவதாகப் போன் செய்தான். "எப்ப வந்து சேருவான்?" என்று சியேனியின் கணவர் இயாகோப்போ கேட்டார். அழுதுகொண்டே, "வெள்ளி சாயங்காலம்" என்றாள் சலாஃபாய். சனிக்கிழமை காலை அடக்கம் என்று முடிவாயிற்று.

யானைக்கும் அடி சறுக்கும். இரண்டாயிரத்துப் பதினோராம் வருடக் கடைசியில் சமோவா தேதிக்கோட்டைத் தாண்டிக் குதித்தபோது, ஊர் ஒரு வெள்ளிக்கிழமையையே இழந்தது. அன்று எல்லாருக்கும் அதை விளக்கிச் சொன்னவளே அவள்தான். அதிலிருந்து ஆங்கரேஜில் வியாழன் என்றால் அபியாவில் வெள்ளி; ஆனால் துக்கத்தில் பழைய கணக்குதான் வாயில் வந்தது. தனியெலு இறங்கப்போவது சனிக்கிழமை சாயங்காலம். அதற்குள் அம்மா மண்ணுக்குள் போயிருப்பாள்.

வெள்ளி விடியற்காலையில்தான் அது உறைத்தது. ஒரு போன் போதும். அவளுக்குப் போதவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நயமான பாயை எடுத்துப் போய், இயாகோப்போ வீட்டு வாசலில், ஈரப் புல்லில், தலைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சமோவாவில் கொலைப்பழி வந்த குடும்பம் மன்னிப்புக் கேட்கிற முறை அது.

"அண்ணே, யாரோ பாயைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க! யாரை வெட்டிட்டு வந்தாங்களோ!" என்று கூவினாள் இயாகோப்போவின் தங்கை.

"நான்தான்" என்றது பாய். "நாளைத் தப்பாச் சொல்லிட்டேன். புள்ள நாளைக்குச் சாயங்காலந்தான் வருவான். அவன் அம்மா முகத்தைப் பாக்கணும் அண்ணே."

இயாகோப்போ வாசற்படிக்கு வந்து நின்றார். வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து இறங்கியிருந்தது; பன்றிகள் அறுத்தாயிற்று. பிறகு இறங்கி வந்து, தன் கையாலேயே பாயை விலக்கினார்.

"எந்திரி. ஞாயித்துக்கிழமை கர்த்தரோட நாள், புதைக்க மாட்டோம்; திங்கக்கிழமை வெச்சுக்கலாம். சியேனி மட்டும் இருந்திருந்தா, உன்னைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

சலாஃபாய் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கையில் ஆங்கரேஜ் நாட்களையும் வலது கையில் அபியா நாட்களையும் வியாழனிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.