செல்விக்கு மட்டும் ஒரு குலவை

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த சுக்குக் கிடங்கில் ஒரு செல்போன் அடித்தால் எல்லாருடைய கையும் சட்டைப்பைக்குப் போகும். 2006-இல் எங்களிடம் இருந்தவை எல்லாம் ஒரே கம்பெனி போன்கள். வாங்கும்போது இருந்த மணியை யாரும் மாற்றவில்லை. எனக்கோ அந்தக் கார்த்திகையில் ஓர் அழைப்பையும் தவறவிட முடியாது. தென்காசியில் என் மனைவி செல்விக்கு நிறைமாதம். தலைப்பிரசவம்.

வளைகாப்புக்குப் போயிருந்தபோது பெண்கள் இட்ட குலவையைப் போனிலேயே பதிந்துகொண்டேன். திரும்பும் பேருந்தில் மெனுவைத் துழாவித் துழாவி, செல்வியின் எண்ணுக்கு மட்டும் அதை ரிங்டோனாக வைத்தேன். வைத்த சந்தோஷத்தில் பக்கத்து இருக்கைக்காரர் முறைக்கும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டேன்.

மறுநாள் மதியம், சாப்பிட்டீங்களா என்று கேட்கச் செல்வி அழைத்தாள். மூட்டைகளுக்கு நடுவே குலவை கிளம்பியதும், சுக்கு தரம் பிரிக்கும் பெண்கள் முறங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி, பிரசவம் கழிஞ்ஞோ? ஆண்குட்டியோ?" என்றார் அவர்களில் மூத்தவரான சாந்தச்சேச்சி.

"இல்ல சேச்சி, இது போன் மணி."

"பிறக்கும்முன்பே குரவையோ? கொள்ளாமல்லோ!" நல்லாத்தான் இருக்கு என்று சிரித்தார்; குலவையைத்தான் அவர்கள் குரவை என்பார்கள்.

எங்கள் பக்கம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் இடுவதை இங்கே ஆண்குழந்தை பிறந்தாலும் இடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதன்பின் செல்வி அழைக்கும்போதெல்லாம் "குட்டி வந்நோ?" என்று கேலிதான்.

ஒரு வியாழக்கிழமை காலை, பழைய மணி அடித்தது. எல்லாரும் பையைத் தடவினார்கள், நான் அசையவில்லை. என் வீட்டு அழைப்பென்றால் குலவை கேட்குமே! மணி விடாமல் அடித்தது. சுமை தூக்கும் ஷாஜிதான் கத்தினான்:

"அண்ணாச்சி, நிங்களுடே போக்கெட்டிலாணு!"

ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து கொழுந்தியாள் பேசினாள். "அத்தான், பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் சொகம். எவ்வளவு நேரமா அடிக்கேன், எங்க போனீய?"

"பெண்ணாணு சேச்சி, பெண்ணாணு!" என்று என்னையறியாமல் மலையாளத்தில் கூவினேன். புடைத்துக்கொண்டிருந்த முறங்கள் பாதியில் நின்றன. ஆணுக்குத்தானே குரவை?

"பெண்ணினும் இடாம். வாடீ எல்லாவரும்!"

பெண்ணுக்கும் இடலாமாம்! சாந்தச்சேச்சி சுக்குத்தூசி படிந்த கையை வாயருகே வைத்துத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, ஓட்டுக்கூரை அதிர்ந்தது. நான் போனை இடது காதில் அழுத்திக்கொண்டேன். அந்தக் காதில், தென்காசியில், என் மகள் வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். வலது காது முழுக்க மட்டாஞ்சேரி. எந்தக் காதையும் பொத்த மனமில்லாமல் நடுவில் நின்றேன்.