இருபத்து நான்காவது வெல்ட்

இது நடந்தது. இப்படித் தொடங்கிவிட்டு அளப்பவர்கள் ஏராளம் என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரு சாட்சி சொல்கிறேன். என் அண்ணி, அதாவது கணவரின் அக்கா. பிரசவ வார்டில் இருபது வருஷம் நர்ஸ். லேசில் மிரளுகிற ஆள் இல்லை. அந்தச் சத்தத்தை அவரும் கேட்டார். இருட்டக்கூட இல்லை. மாலை ஐந்து நாற்பத்திரண்டு.

என் கணவர் லாரிப் பட்டறையில் வெல்டர். காட்டுப் பாதையில் ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போக, இரண்டு பேர் உள்ளே படுத்துறங்க, ஒரு டிரெய்லர் வீடு செய்ய ஆசைப்பட்டார். பழைய ஜீப்பின் அச்சு, இரும்புச் சட்டம், அதன்மேல் பிளைவுட் அறை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு மேடை. ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஷெட்டிலேயே கிடந்தார்.

"சவப்பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்குடா," என்றார் அண்ணி.

"உன் அளவுக்குத்தான்க்கா செஞ்சேன். வாய் மட்டும் வெளிய நீட்டிக்கும்."

சட்டத்தில் மொத்தம் இருபத்து நான்கு வெல்ட். ஒவ்வொன்றும் ஆறியதும் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுவார். டிங்... டிங் என்று கேட்டால், "உசுரு இருக்கு," என்பார். டொக் என்றால் முகம் சுருங்கிவிடும். சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'மறுபடி' என்று எழுதுவார். இடது கைக்காரர். எழுத்தெல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

இருபத்து மூன்றாவதை முடித்த அன்று, வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்," என்றார். டம்ளரோடு வந்தபோது சட்டத்தின்மேல் சாய்ந்திருந்தார். அசதி என்றுதான் நினைத்தேன். ஷெட்டிலிருந்து அடுக்களைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம்.

மிச்சமிருந்த ஒன்றை நான்கு மாதம் கழித்து நானே போட்டேன். டிரெய்லரை ஜீப்போடு இணைக்கும் முன்கம்பம், சட்டத்தில் சேருகிற இடம். வெல்ட் போட அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் நான் தட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கத் தெம்பில்லை. கோணல்மாணலாக இருந்தது வெட்கமாக இருந்தது. ஆறியதும் பச்சைப் பெயிண்ட் அடித்து மூடிவிட்டேன்.

அந்த வாரமே, அவர் போக ஆசைப்பட்ட ஏரிக்கு நானும் அண்ணியும் கிளம்பினோம். கடைசி மூன்று கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம். ஒரு பக்கம் பள்ளம். மேட்டில் வண்டியை நிறுத்தி, டிரெய்லருக்குள் உட்கார்ந்து டீ குடித்தோம். காற்று இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"சீக்கிரம் குடி. வெளிச்சம் இருக்கறப்பவே இறங்கிடலாம்," என்றார் அண்ணி.

அப்போது எங்கள் காலுக்கு அடியில்...

டிங்... டிங்.

"கல்லு பட்டிருக்கும்," என்றேன். நிற்கிற வண்டியில் கல் எப்படிப் படும்?

டிங்... டிங். கொஞ்சம் முன்னால்.

பின்னாலிருந்து முன்னுக்கு, இரண்டிரண்டு தட்டாக நகர்ந்தது. நடுவில் ஒரே அளவு இடைவெளி. ஓர் ஆள் குனிந்து அடுத்த இடத்துக்கு நகர ஆகும் நேரம்.

"யாருடி கீழ?"

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

இருபத்து மூன்று.

அமைதி...

டொக்.

டொக்... டொக்... டொக்...

நிற்கவே இல்லை.

அண்ணி குதித்து இறங்கினார். நானும் இறங்கினேன். குனிந்து பார்த்தோம்.

யாரும் இல்லை.

புழுதி மாவு போலக் கிடந்தது. அதில் எங்கள் செருப்புத் தடம் மட்டும்.

டொக்... டொக்...

"என்னங்க..."

நான்கு மாதமாக நான் சொல்லாத சொல்.

சத்தம் நின்றுவிட்டது.

நான் கூப்பிட்டிருக்கக் கூடாது.

ஏரிக்கு இறங்கவில்லை. டிரெய்லரை அங்கேயே கழற்றி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் காலை ஒரு வெல்டரை ஜெனரேட்டரோடு கூட்டிப் போனோம். அவர் முன்கம்பத்தில் பெயிண்டைச் சுரண்டினார். தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

"இரும்புல பிடிக்கவே இல்லம்மா. இறக்கத்துல விட்டிருந்தா பெட்டி ஜீப்பையும் சேத்துத் தள்ளியிருக்கும்," என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது சரி, தப்புன்னு குறி போட்டுட்டு அதும்மேலயே ஏன் பெயிண்ட் அடிச்சீங்க?"

உரிந்த பெயிண்டுக்கு அடியில் வெள்ளை வட்டம். பக்கத்தில், பின்பக்கமாகச் சாய்ந்த எழுத்தில்... 'மறுபடி'.

நான் அதைப் போட்ட அன்று, வெல்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஷெட்டை விட்டு ஒரே ஒரு முறை வெளியே போனேன். தண்ணீர் குடிக்க. இரண்டு நிமிஷம். அழுதுகொண்டேதான் பெயிண்ட் அடித்தேன். ஆனாலும் ஒரு வட்டம் கண்ணில் படாத அளவுக்கா?

அந்த வெல்டை நானே மறுபடி போட்டேன். இந்த முறை தட்டினேன். டிங். "உசுரு இருக்குடி," என்று சொல்லிவிட்டு அண்ணி முகத்தை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு எத்தனையோ மாலை அந்த டிரெய்லரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. நல்ல வெல்டில் அவருக்கு இனி வேலை இல்லை.

போன மாதம் இரண்டு துண்டு இரும்பை வேண்டுமென்றே மோசமாக ஒட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஷெட்டில் வைத்தேன். தினமும் ஐந்தரைக்கே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஐந்து நாற்பத்திரண்டு ஆனதும், தண்ணீர் குடிக்க எழுந்து போகிறேன்.